மீடியம் அக்கா

காலை ஏழேகால் மணிக்கு நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தேன். அது தொடை வரை வந்துவிட்டது. அதற்கு மேல் வருவேனா என்றது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் பயம். உடைந்தால் இரண்டு மாதம் லீவு கிடைக்கும், அதற்குள் இளைத்துவிடலாமே என்று இன்னொரு பக்கம் நப்பாசை. இரண்டையும் சேர்த்து ஓர் இழு இழுத்தேன். இடுப்பில் ஏறி உட்கார்ந்தது. மூச்சு பாதியில் நின்றுகொண்டது.

“உள்ளே என்ன குஸ்தியா நடக்குது?” என்றார் வீட்டுக்காரர் வெளியிலிருந்து. “பொண்ணுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. குளிக்கப் போறவ தினமும் சண்டைக்குப் போற மாதிரி போறியே.”

“வர்றேன், வர்றேன்,” என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கே மேல்மூச்சு வாங்கியது.

கடையில் அதற்கு ஷேப்பர் என்று பெயர். விலாவுக்குக் கீழே ஆரம்பித்துத் தொடையின் பாதி வரை போகும் உள்ளாடை. கையில் எடுத்துப் பார்த்தால் ஐந்து வயதுக் குழந்தையின் கால்சட்டை அளவுதான் இருக்கும். அதற்குள் முப்பத்தெட்டு வயது மனுஷியை அடைக்க வேண்டும். வாங்கி நான்கு மாதம் ஆகிறது. பீரோவில் பழைய துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். துவைத்தால் கொடியில் போடுவதில்லை, வாளிக்குப் பின்னால் காயப்போடுகிறேன். வீட்டுக்காரர் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் சிரிப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. சிரித்ததை நான்கு பேரிடம் சொல்லி, அது கம்பெனி வரைக்கும் போய்விட்டால் என் வேலை போய்விடும்.

என் வேலை என்ன என்று கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. பெண்களுக்கான ரெடிமேட் உடை தயாரிக்கும் கம்பெனி அது. நான் அங்கே தைப்பவளும் இல்லை, வெட்டுபவளும் இல்லை. போட்டுப் பார்ப்பவள். ஒவ்வொரு புது மாடலையும் முதலில் ஒன்றே ஒன்று தைத்து என் மேல் போடுவார்கள். கையைத் தூக்கு, குனி, உட்கார், நட. எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று நான் சொல்ல வேண்டும். என் மேல் சரியாக நின்ற அளவுக்குத்தான் ‘மீடியம்’ என்று பெயர். அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் லார்ஜும் ஸ்மாலும் பிறக்கும். ஃபிட்டிங் ரூமில் நான்கு டம்மி பொம்மைகள் நிற்கின்றன. ஆனால் பொம்மை உட்காராது, மூச்சு விடாது, ‘இங்கே இடிக்குது’ என்று வாயைத் திறந்து சொல்லாது. அதற்காகத்தான் நான். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி முதல் கம்பெனியை நடத்தும் மேடம் வரைக்கும் என்னை ‘மீடியம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்கா சேர்த்துக்கொள்வார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பேக்கிங் செக்‌ஷனில் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவசரத்துக்கு ஆள் கிடைக்காமல் என்னை இழுத்துக்கொண்டு போய் டேப்பைச் சுற்றினார்கள். மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, தையல்காரர்கள் சீட் என்று சொல்கிற பின்பக்கச் சுற்றளவு முப்பத்தொன்பது. அளவெடுத்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். “பர்ஃபெக்ட்,” என்றார். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கு சப்பை, நிறம் மட்டு, முடி கொஞ்சம். பெண் பார்க்க வந்த மூன்று வீட்டிலும் ‘பரவாயில்லை’ என்ற ஒரே சொல்லை வாங்கியவள் நான். மூன்றாவதாகப் பரவாயில்லை என்றவர்தான் வீட்டுக்காரர். என் உடம்பை ஒருத்தர் சரி என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதற்கப்புறம் தெருவில் முன்னால் போகிற ஏதோ ஒரு பெண்ணின் முதுகில் எங்கள் சட்டையைப் பார்த்தால், அந்தத் தோள் தையல் என் தோளில் உட்கார்ந்து எழுந்தது என்று நினைத்துக்கொள்வேன். நடை தானாக நிமிர்ந்துவிடும்.

அந்த முப்பதைக் காப்பாற்ற ஒன்பது வருடமும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்திருக்கிறேன். அரை அங்குலம் முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். நான்கு மாதத்துக்கு முன்னால் வீட்டில் அளந்தபோது முப்பத்தொன்று காட்டியது. டேப் பழசு, நைந்துவிட்டது என்று புது டேப் வாங்கினேன். புது டேப் முப்பத்தொன்றேகால் என்றது. டாக்டரிடம் ஓடினேன். ரத்தம் எடுத்து, வயிற்றை அமுக்கி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல்மா, வயசாகுதில்ல,” என்றார். ஏதாவது ஒரு வியாதி இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். நார்மல் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? திரும்பி வரும் வழியில்தான் ஷேப்பர் வாங்கினேன்.

மாதம் ஒருமுறை என்னை அளந்து, சுவரில் மாட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டு எழுத வேண்டும். எழுதுபவள் பேட்டர்ன் மாஸ்டர். முப்பத்து மூன்று வயது. நான் வந்தபோது அவள் சாம்பிள் தைக்கும் டெய்லராக இருந்தாள், நீ வா போ என்று பேசிக்கொள்வோம். எங்கள் கம்பெனியில் காகிதத்தில் வரைந்து அளவு வெட்டுகிற அந்த மேஜைக்குப் பின்னால் பெண் ஒருத்தி உட்கார்ந்தது அவள்தான் முதல். அவளை மாஸ்டர் என்று கூப்பிட கட்டிங் ஆட்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று. அவர்களுக்கு உறைக்கட்டும் என்று எல்லோருக்கும் முன்னால் நான்தான் முதலில் ‘மாஸ்டர், வாங்க, சொல்லுங்க’ என்று ஆரம்பித்தேன். அப்புறம் தனியாக இருக்கும்போதும் ‘நீ’ என்று வாயில் வரவில்லை. அவள் என்னை அக்கா என்பதை விடவில்லை. எங்களுக்குள் இருந்த நம்பிக்கையில் அவள் டேப்பை எடுப்பதையே ஒரு வருடமாக விட்டுவிட்டாள். பேனாவைத் திறந்துகொண்டு, “அதே தானேக்கா?” என்பாள். “அதே தான்,” என்பேன். எழுதிவிடுவாள். முதல் எட்டு மாதம் அது உண்மையாக இருந்தது.

இந்த முறை தைக்கப்போவது பேன்ட். வேலைக்குப் போகிற பெண்களுக்கான பேன்ட், மாஸ்டர் தன் பெயரில் செய்கிற முதல் லைன். எட்டாயிரம் பீஸ். வரைந்தது, துணி தேர்ந்தெடுத்தது, பாக்கெட்டுக்குள் போன் நிற்கிற அளவுக்கு ஆழம் வைத்தது எல்லாம் அவள்தான். “பொம்பளைங்க பேன்ட்ல பாக்கெட் பேருக்குத்தான் இருக்கும், இதுல பஸ் பாஸ், சாவி, போன் மூணும் வைக்கலாம்க்கா,” என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஃபிட்டிங் எல்லாம் என் மேல்தான் நடந்தது. ஷேப்பருக்கு மேல் சாம்பிள் பேன்ட், அதற்கு மேல் கையால் இழுத்துவிட்ட சட்டை என்று வட்டமேடையில் ஏறி நிற்பேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மாஸ்டர் என்னைச் சுற்றி வருவாள். ஒருநாள் அவள் கை என் இடுப்பில் நின்றது.

“என்னக்கா, இங்க கெட்டியா இருக்கு?”

“புது லெக்கிங்ஸ் மாஸ்டர்.”

கை ஒரு நொடி அங்கேயே இருந்தது. அப்புறம் நகர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் பின்பக்கம் கிள்ளிப் பார்த்து, “துணி தொளதொளன்னு நிக்குதுக்கா. ஒண்ணேகால் இஞ்ச் எடுத்துடவா?” என்றாள். துணி ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஷேப்பர் இடுப்பை மட்டும் இறுக்கவில்லை, பின்பக்கத்தையும் அடிவயிற்றையும் சேர்த்து அமுக்கித் தட்டையாக்கிவிட்டது. இடுப்பு முப்பதுக்கு வந்தது. சீட் முப்பத்தொன்பதிலிருந்து கீழே போய்விட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. “எடுங்க,” என்றேன். உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள். உட்கார்ந்தேன். பிடிக்கிறதா என்று கேட்டாள். பிடிப்பது பேன்ட்டா ஷேப்பரா என்றே எனக்குத் தெரியவில்லை. “சரியா இருக்கு,” என்றேன். இதுதான் முடிவான மாதிரி என்று சீல் போட்டார்கள். அது போன வாரம். இன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குக் கட்டிங்.

கம்பெனிக்குள் நுழைந்தபோது ரிசப்ஷன் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் பெயர் அதுதான், ரிசப்ஷன். இருபத்து மூன்று வயது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேடம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நம்ம மீடியமும் இந்தப் பொண்ணும் ஒரே சைஸ் போல இருக்கே,” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. அவள் என்னைக் காணும்போதெல்லாம் பல் தெரியச் சிரிப்பாள், நான் உதட்டால் மட்டும் சிரிப்பேன். எங்கள் பழைய மீடியம் உடைகளை அவள்தான் அதிகம் வாங்குவாள். ஒவ்வொன்றும் அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். இன்றைக்கு, சீல் போட்ட அளவில் தைத்த இன்னொரு சாம்பிள் பேன்ட்டைப் போட்டிருந்தாள். மாலையில் யாரோ கடைக்காரர்கள் வருகிறார்களாம், வாசலிலேயே கண்ணில் படட்டும் என்று மேடம் போட்டுக்கொள்ளச் சொன்னாராம்.

பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போகும்போதும் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி பின்னால் சும்மா கிடந்தது. போன் அடித்தபோது குனியாமல், முழங்காலை மட்டும் மடித்து எடுத்தாள். பன்னிரண்டரைக்கும் அதே நிலை. கடந்து போயிருக்கலாம். கால் நின்றுவிட்டது.

“ஏம்மா நின்னுட்டே இருக்கே?”

அக்கம்பக்கம் பார்த்தாள். “உட்கார முடியலக்கா,” என்றாள் மெதுவாக. “காலையில உட்கார்ந்தேன். பின்னாடி தையல் டர்ருன்னுச்சு. பயந்து எழுந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா.”

“பழசெல்லாம் உனக்குச் சரியாத்தானே இருக்கு?”

“அதெல்லாம் போட்டுப் போட்டு லூசாயிருக்கும். நான்தான் வெயிட் போட்டுட்டேன். ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடலாம்னு இருக்கேன். இன்னிக்கு மத்தியானமும் வேணாம்னு டப்பாவைத் திறக்கல.” பிறகு சிரித்தாள், அதே பல் தெரியும் சிரிப்பு. “நீங்க போட்டுப் பார்த்து ஓகே பண்ணினதுக்கா இது. உங்களுக்குச் சரியா இருக்கிறது எனக்குச் சேரலைன்னா தப்பு என் உடம்புலதானே?”

ஏதோ சொன்னேன், தண்ணியாவது குடி என்பது போல. நேராக வாஷ்ரூமுக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். ஷேப்பர் விலாவில் அறுத்தது. கடைகளில் உடை மாற்றிப் பார்க்கும் அறைகள் எனக்குத் தெரியும். ஆள் ஒருத்தி திரும்பத்தான் இடம் இருக்கும், மூன்று பக்கம் கண்ணாடி, மேலே இரக்கமில்லாத விளக்கு. அங்கே நின்றுகொண்டு ஒருத்தி மூச்சை இழுத்துப் பிடித்துப் பட்டனோடு மல்லுக்கட்டுவாள். அடுத்த வாரம் அவளுக்கு முதல் இன்டர்வியூ இருக்கும். வெளியே தோழியோ அம்மாவோ ‘ஆச்சா?’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ‘மீடியம்’ என்று இடுப்புப் பட்டியில் போட்டிருப்பதை அவள் சந்தேகப்படமாட்டாள். சந்தேகப்படுவது தன்னை. எட்டாயிரம் பேருக்கு என்னைப் போல ஒரு வாளி மறைவு தேவைப்படும். இதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அழுத்தமான வெட்கம்.

ஆனால் வெட்கம் வந்தவுடன் தைரியம் வந்துவிடுவதில்லை. ஃபிட்டிங் ரூமுக்குப் போகிற வழியிலேயே பூசி மெழுக ஒரு வழி யோசித்துவிட்டேன். மாஸ்டர் புதுப்பேனாவால் பேட்டர்ன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் பளபளவென்று இருந்தது.

“மாஸ்டர், அந்தப் பேன்ட்... பின்னாடி கொஞ்சம் விட்டுடலாமா? யோசிச்சுப் பார்த்தா லேசா பிடிக்கிற மாதிரி இருந்துச்சு.”

“போன வாரம் சரின்னீங்களே அக்கா.”

“சரிதான். இருந்தாலும்.”

“சீல் போட்டாச்சு. எண்பது அடுக்கு துணி விரிச்சாச்சு. இப்போ போய் மாத்தணும்னா மேடத்துக்குக் காரணம் சொல்லணும்.” நிமிர்ந்து பார்த்தாள். “உங்க அளவுல ஏதும் மாத்தமில்லையே?”

கேட்டுவிட்டாள். கதவைத் திறந்து வைத்து வாங்க என்று கூப்பிட்டது போல இருந்தது அந்தக் கேள்வி. நான் செய்ய வேண்டியது உள்ளே நுழைவதுதான்.

“இல்ல, இல்ல,” என்றேன். “அதே தான்.”

வெளியே வந்தேன். கட்டிங் ஹாலை ஒட்டித்தான் கேன்டீனுக்குப் போக வேண்டும். ஹாலின் நீள மேஜை முழுக்கக் கருநீலத் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது, நான்கு விரல் உயரத்துக்கு. மேலே வெள்ளைக் காகிதத்தில் பேன்ட்டின் பாகங்கள் வரைந்திருந்தன. முன்பக்கம், பின்பக்கம், இடுப்புப் பட்டி. அந்தப் பின்பக்கத்தின் வளைவில் என் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது, யாராவது பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டியது போல. கட்டிங் சூப்பர்வைசர் மெஷின் கத்திக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். “என்ன மீடியம், சாப்பிட்டாச்சா? ரெண்டு மணிக்கு உன்னை எட்டாயிரமா வெட்டப்போறோம்,” என்று சிரித்தார். தினமும் ஏதாவது இப்படித்தான் சொல்வார். கடிகாரம் ஒன்று இருபது காட்டியது.

கேன்டீனில் என் டப்பாவைத் திறந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முன்கூடம் தெரிந்தது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்ட கூடத்தில் ரிசப்ஷன் பெண் தனியாக நின்று பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு மேஜையின் விளிம்பில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கிக் கணுக்காலைச் சுழற்றினாள். அப்புறம் மற்றக் கால். அப்புறம் கையை வயிற்றில் வைத்து அமுக்கிப் பார்த்தாள், உள்ளே போகிறதா என்று. அந்தக் கை அசைவு எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஏழேகால் மணிக்கு நான் செய்வது.

டப்பாவை மூடாமலே எழுந்தேன்.

ஃபிட்டிங் ரூமில் மாஸ்டர் கடைசிக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசவில்லை. பேசினால் மறுபடியும் பொய்தான் வரும் என்று எனக்குத் தெரியும், நாக்கு அப்படிப் பழகிவிட்டது. திரைக்குப் பின்னால் போய்ப் பாவாடையைத் தளர்த்தி ஷேப்பரை உரித்தேன். போடுவதற்குப் பத்து நிமிடம், கழற்ற ஒரு நொடி. நான்கு மாதமாகப் பகல் முழுக்கக் காற்றுப் படாத வயிறு கீழே இறங்கி மெத்தென்று உட்கார்ந்தது. தோலில் கோடு கோடாகத் தையலின் தடம். மூச்சு ஒன்று அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. எவ்வளவு பயத்திலும் அந்த மூச்சு நன்றாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சீல் போட்ட பேன்ட் கொக்கியில் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டேன். தொடைக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தது. ஜிப் பாதியில் நின்றது. பட்டனுக்கும் அதன் ஓட்டைக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. அப்படியே ஒரு கையில் ஷேப்பரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வட்டமேடையில் ஏறினேன்.

“டேப் எடுங்க மாஸ்டர்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். பேனாவைத் தேடுவது போலக் கை தானாக மேஜைக்குப் போயிற்று.

“அதே தானே அக்கா?” என்றாள். குரல் கெஞ்சியது.

“அதே இல்ல.”

டேப்பை எடுத்து வந்தாள். இடுப்பு முப்பத்தொன்றே முக்கால். சீட் நாற்பதரை. இரண்டுமுறை அளந்தாள். மூன்றாவது முறை அளக்கப் போய், டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், வாளி மறைவு, லெக்கிங்ஸ் என்று சொன்ன பொய், வெளியே உட்கார முடியாமல் பசியோடு நிற்கிற பெண். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அன்னிக்குக் கை வச்சேன்ல,” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. “லெக்கிங்ஸ் அப்படிக் கெட்டியா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? பதினஞ்சு வருஷமா துணியைத்தான் தொட்டுக்கிட்டிருக்கேன்.”

டேப்பைக் கையிலிருந்து பிரித்து மறுபடி சுற்றினாள்.

“டேப்பை எடுத்தா ஏதாவது தெரிஞ்சிடும். தெரிஞ்சா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முதல் லைனுக்கே தேதி தள்ளிக் கேக்கறா பாரு, இதுக்குத்தான் பொம்பளையை மாஸ்டரா போடறதில்லன்னு அந்த ஹால்ல சிரிப்பாங்க. நம்பிட்டா வேலை முடியும். அதான் நம்பிட்டேன்.”

“தப்பு என்னோடதுன்னு நான் சொல்றேன் மாஸ்டர்.”

“உங்க பங்கை நீங்க சொல்லுங்க. என் பங்குன்னு ஒண்ணு இருக்கு.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தைந்து. அவள் எழுந்து இன்டர்காமை எடுத்தாள். எண்ணை அழுத்திவிட்டு, அந்தப் பக்கம் எடுக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டாள். “மெஷினைப் போட்டுட்டீங்களா? போடாதீங்க. துணி அப்படியே இருக்கட்டும்... இல்ல, துணியில இல்ல, பேட்டர்ன்ல தப்பு. என் தப்பு. ஆமா, சிரிங்க, சிரிச்சு முடிச்சிட்டு மேலே ஒரு போர்வை போட்டு மூடி வைங்க.” வைத்துவிட்டாள். “நாலு மணிக்கு மேடம் வருவாங்க. ரெண்டு பேரும் போவோம். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியல அக்கா.”

“தெரியும்,” என்றேன். “எனக்குத் தெரியும்.”

மாஸ்டர் சுவரிலிருந்து அட்டையை எடுத்தாள். அவள் கையெழுத்தில் முப்பது, முப்பது, முப்பது என்று வரிசையாக இறங்கியிருந்தது. கடைசி வரிக்குக் கீழே இன்றையத் தேதியைப் போட்டு முப்பத்தொன்றே முக்கால் என்று எழுதினாள். பெரிய எழுத்தில் எழுதவில்லை, அடிக்கோடும் போடவில்லை. மற்ற எண்களைப் போலவே எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் மேடையிலிருந்து இறங்கி, ஒன்பது வருடமாக நின்ற இடத்தைக் காலி செய்து, என் பழைய பாவாடைக்குள் நுழைந்துகொண்டேன். பேக்கிங் செக்‌ஷனில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று மனம் அதன்பாட்டுக்கு யோசித்தது. இனிமேல் தெருவில் முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்து நிமிர்ந்து நடக்க முடியுமா என்றும் யோசித்தது.

“அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க,” என்றாள் மாஸ்டர். “நாலு மணிக்குள்ள சரியான மீடியம் ஒண்ணு கையில இருக்கணும்.”

போய்க் கூப்பிட்டேன். ரிசப்ஷன் பெண் உள்ளே வரும்போதே முகம் வெளிறியிருந்தது. பேன்ட்டைக் கிழித்துவிட்டதற்குத் திட்டப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். அதைக் கழற்றிவிட்டு அங்கிருந்த உள்பாவாடையைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னோம். மேடையில் ஏறச் சொன்னதும் என்னைப் பார்த்தாள், ஏறலாமா என்று கேட்பது போல. நகர்ந்து வழிவிட்டேன். ஏறி நின்றாள். பசியில் வயிறு சத்தம் போட்டது, மூன்று பேருக்கும் கேட்டது. மாஸ்டர் டேப்பை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தாள். அந்தப் பெண் தோளை உயர்த்தி, விலா எலும்பு தெரிய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எதிரே கண்ணாடியில் அவள் முகமும் பின்னால் என் முகமும் தெரிந்தன.

“எவ்ளோக்கா?” என்றாள் மூச்சை விடாமலே. “ரொம்ப அதிகமா?”

மாஸ்டர் எண்ணைப் படிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“மூச்சை விடும்மா,” என்றேன்.

“விட்டா கூடிடும்க்கா.”

“கூடட்டும். விடு.”

அவள் நம்பாமல் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் கொஞ்சம் இறங்கியது, விலா மறைந்தது, வயிறு மெதுவாக முன்னால் வந்தது. மாஸ்டரின் இரண்டு விரல்களுக்கு நடுவே டேப் தானாக வழுக்கி, ஒவ்வொரு கோடாக நகர்ந்துகொண்டிருந்தது.